உணரும் கட்டடங்கள்
(கட்டடத் தன்னியக்கத்தின் வளர்ச்சியும் மின்சக்திச் சேமிப்பும்)

மின்சாரத்தை அதிகமாகச் செலவிடுவது எது என்று கேட்டால் நம்மில் பலர் தொழிற்சாலை என்றே பதில் சொல்வோம். நாம் வசிக்கும் வீடும், கற்கும் பாடசாலையும், பொருள் வாங்கும் கடைத்தொகுதியும், சிகிச்சை பெறும் வைத்தியசாலையும் உடனே நம் நினைவுக்கு வருவதில்லை. ஆனால் உலகில் இறுதியாக நுகரப்படும் சக்தியில் ஏறத்தாழ 30 சதவீதம் கட்டடங்களை இயக்குவதற்கே செலவாகிறது என்று சர்வதேச சக்தி முகவரகம் கணக்கிட்டுள்ளது. வெளிச்சம், குளிரூட்டல், வெப்பமூட்டல், நீரேற்றல், மின்தூக்கி என்பன அதில் அடங்கும்.

இச்செலவில் ஒரு பகுதி எவருக்கும் பயன்படாமலே போகிறது. ஆளில்லாத அறையில் மின்விசிறி சுழல்கிறது. நண்பகலில் சாளரத்தின் அருகிலேயே மின்குமிழ் எரிகிறது. பத்துப் பேர் மட்டும் இருக்கும் மண்டபத்தை ஐந்நூறு பேருக்கெனக் குளிரூட்டுகிறோம். இந்த வீண்விரயத்தைக் குறைப்பதற்காக மனிதன் கண்ட வழிகளுள் ஒன்றே கட்டடத் தன்னியக்கத் தொகுதி. தேவையான இடத்தில், தேவையான நேரத்தில், தேவையான அளவு மட்டும் வழங்குவதே அதன் கொள்கை. அது எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு இயங்குகிறது, நம் நாட்டிற்கு எந்தளவு பொருந்தும் என்பவற்றை உயர்தர வகுப்பில் கற்கும் பௌதிகவியலின் துணையுடன் நோக்குவோம்.

வகுப்பறையில் பிறந்த கண்டுபிடிப்பு

தானாக இயங்கித் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் கருவி என்ற எண்ணம் புதியதல்ல. கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாத் நகரில் வாழ்ந்த பனூ மூஸா எனப்படும் மூன்று சகோதரர்கள் 'கிதாபுல் ஹியல்' என்ற நூலில் ஏறத்தாழ நூறு பொறிகளை விவரித்தனர். திரியைத் தானே உயர்த்திக்கொள்ளும் விளக்கு அவற்றுள் ஒன்று. நீர்மட்டத்தை மிதவையினால் கட்டுப்படுத்தும் அமைப்புகளையும் அவர்கள் கையாண்டனர். நம் வீட்டு நீர்த்தாங்கி நிரம்பியதும் நீரைத் தானே நிறுத்தும் மிதவை வால்வும் இதே கொள்கையில்தான் இயங்குகிறது.

கட்டடங்களுக்குரிய தன்னியக்கம் பிறந்தது ஒரு கல்விக்கூடத்தில் என்பது மாணவிகளாகிய நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் வைற்வோட்டர் என்ற ஊரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் வாரன் ஜோன்சன் என்பவர் கற்பித்து வந்தார். அங்கே கடுங்குளிர் நிலவும். வகுப்பறையின் வெப்பநிலையை அறிவதற்காகக் கல்லூரியின் பராமரிப்பாளர் அடிக்கடி பாடத்தின் நடுவே உள்ளே வருவார். பின்னர் நிலக்கீழ் அறைக்குச் சென்று, வெப்பம் செல்லும் வழியின் தகடுகளைத் திறப்பார் அல்லது மூடுவார். பாடம் தடைப்படும், அறையோ ஒருசமயம் கொதிக்கும், ஒருசமயம் நடுங்கவைக்கும்.

இதற்குத் தீர்வாக, அறையின் வெப்பநிலை குறித்த அளவைக் கடந்ததும் நிலக்கீழ் அறையிலுள்ள பராமரிப்பாளருக்கு மின்சாரத்தின் மூலம் அறிவிக்கும் கருவியொன்றை ஜோன்சன் அமைத்தார். 1883இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். 1885இல் மில்வோக்கி நகரில் அவரது நிறுவனம் தொடங்கப்பட்டது. அடுத்த கட்டமாக, அறிவிப்பதோடு நில்லாமல் வால்வையும் தானே திறந்து மூடும் முறையை அவர் உருவாக்கினார். ஒவ்வோர் அறையின் வெப்பநிலையையும் அமுக்கிய வளியினால் தனித்தனியே கட்டுப்படுத்தும் அம்முறைக்கு 1895இல் காப்புரிமை கிடைத்தது.

இவ்விரு கருவிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவது கருவி மனிதனுக்குச் செய்தி சொன்னது. இரண்டாவது, செய்தியையும் எடுத்துச் செயலையும் தானே செய்தது. தன்னியக்கம் என்பது இந்த இரண்டாவது படியாகும்.

குழாயிலிருந்து கணினிக்கு

அதன் பின்னர் பல தசாப்தங்களாக அமுக்கிய வளி செல்லும் மெல்லிய குழாய்களே பெரிய கட்டடங்களின் நரம்புகளாக இருந்தன. அவை நம்பகமானவை, ஆனால் கணக்கு வைக்கத் தெரியாதவை. எந்த மாடியில் எவ்வளவு சக்தி செலவாகிறது என்பதை ஓரிடத்தில் இருந்து பார்க்க அக்காலத்தில் எளிய வழி இருக்கவில்லை. எரிபொருள் மலிவாக இருந்ததால் அது பெரிய குறையாகத் தோன்றவுமில்லை.

1973இல் மசகு எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. சில மாதங்களுக்குள் எண்ணெயின் விலை ஏறத்தாழ நான்கு மடங்காகியது. கட்டட உரிமையாளர்கள் தமது கட்டணப் பட்டியலைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினர். அதே காலத்தில் சிறு கணினிகளும் கட்டடங்களுக்குள் நுழைந்தன. 1980களில் நுண்செயலிகளின் விலை குறைந்தபோது, ஒவ்வோர் இயந்திரத்திற்கும் அருகில் சிறிய கணினிக் கட்டுப்படுத்தி ஒன்றைப் பொருத்துவது சாத்தியமாகியது.

ஆனால் வேறொரு சிக்கல் எழுந்தது. ஒரு நிறுவனத்தின் கட்டுப்படுத்தி பேசும் 'மொழி' மற்றொரு நிறுவனத்தின் கருவிக்கு விளங்கவில்லை. முதலில் வாங்கிய நிறுவனத்திடமே தொடர்ந்து வாங்க வேண்டிய கட்டாயம் உரிமையாளர்களுக்கு ஏற்பட்டது. இதனைத் தீர்ப்பதற்காக அமெரிக்கக் குளிரூட்டல் பொறியியலாளர் சங்கமான ஆஷ்ரே 1987இல் பணியைத் தொடங்கி, 1995இல் 'பக்நெற்' என்னும் பொதுத் தொடர்பாடல் நியமத்தை வெளியிட்டது. 2003இல் அது சர்வதேச நியமமாகவும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. இன்று ஒரு நாட்டில் செய்த உணரியும் இன்னொரு நாட்டில் செய்த குளிரூட்டியும் ஒரே கட்டடத்தில் இணைந்து பணியாற்ற முடிவதற்கு இத்தகைய பொது மொழிகளே காரணம்.

எவ்வாறு இயங்குகிறது?

எத்துணை பெரிய தொகுதியாக இருந்தாலும் அதன் அடிப்படை மூன்று உறுப்புகளே. முதலாவது உணரி. வெப்பநிலை, ஈரப்பதன், ஒளி, அசைவு, காபனீரொட்சைட்டின் அளவு போன்றவற்றை அது அளக்கிறது. இரண்டாவது கட்டுப்படுத்தி. அளந்த பெறுமானத்தை, நாம் விரும்பிக் குறித்த பெறுமானத்துடன் அது ஒப்பிடுகிறது. மூன்றாவது செயற்படுத்தி. வால்வைத் திறத்தல், மோட்டாரின் வேகத்தை மாற்றுதல், மின்குமிழை அணைத்தல் ஆகியவற்றை அது செய்கிறது. செயலின் விளைவை உணரி மீண்டும் அளந்து சொல்கிறது. இச்சுற்றோட்டமே பின்னூட்டல் எனப்படுகிறது. நம் உடல் வெயிலில் வியர்த்துத் தன் வெப்பநிலையைக் காப்பதும் இத்தகைய பின்னூட்டலினால்தான்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. 25 பாகை செல்சியஸ் எனக் குறித்துவிட்டு, அதைச் சற்றுத் தாண்டியதும் இயங்கவும், சற்றுக் குறைந்ததும் நிற்கவும் கட்டளையிட்டால், குளிரூட்டி நிமிடத்திற்குப் பலமுறை இயங்கி நின்று பழுதடைந்துவிடும். ஆகவே 25.5இல் இயங்கி 24.5இல் நிற்கும்படி ஓர் இடைவெளி விடப்படுகிறது. நம் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி சிறிது நேரம் இயங்கி, சிறிது நேரம் மௌனமாக இருப்பதும் இதனால்தான்.

சேமிப்பு எங்கிருந்து வருகிறது?

முதலாவது வழி, ஆளில்லாதபோது நிறுத்துதல். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு மண்டபத்தில் 18 வாற்று எல்.ஈ.டி. குழல் விளக்குகள் 20 உள்ளன எனக் கொள்வோம். மொத்த வலு 360 வாற்று. பிற்பகல் 2 மணிக்குக் கூட்டம் முடிந்தபின் அணைக்க மறந்து, மறுநாள் காலை 6 மணி வரை எரிந்தால் 16 மணித்தியாலங்களில் 5.76 அலகு மின்சாரம் செலவாகும். அதே மண்டபத்தில் சராசரியாக ஒரு கிலோவாற்று நுகரும் வளிச்சீராக்கிகள் இரண்டும் இயங்கினால் மேலும் 32 அலகு. அசைவு உணரி ஒன்று அரை வாற்று வலுவில் மாதம் முழுவதும் இரவு பகலாக இயங்கினாலும் அதற்குச் செலவாவது 0.36 அலகு மட்டுமே. ஓர் இரவின் மறதி, உணரியின் பல ஆண்டுச் செலவை விழுங்கிவிடுகிறது.

இரண்டாவது வழி, ஆட்களின் எண்ணிக்கைக்கேற்ப வளியை மாற்றுதல். வெளி வளியில் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு ஏறத்தாழ 420 பகுதிகளாக உள்ளது. நாற்பது மாணவிகள் இருக்கும் முற்றாக மூடிய அறையில் அது சிறிது நேரத்திலேயே 1,000ஐத் தாண்டிவிடும். சோர்வும் தூக்கமும் வரும். ஆகவே புதிய வளி அவசியம். ஆனால் நம்மைப் போன்ற ஈரப்பதன் மிகுந்த நாட்டில் வெளி வளியை உள்ளே எடுத்துக் குளிரூட்டுவது செலவு மிக்கது. அதிலுள்ள ஒரு கிலோகிராம் நீராவி ஒடுங்கும்போது ஏறத்தாழ 2,400 கிலோயூல் மறைவெப்பத்தை வெளிவிடுகிறது. குளிரூட்டி அதையும் அகற்ற வேண்டும். காபனீரொட்சைட்டு உணரி பொருத்தப்பட்டிருந்தால், ஆட்கள் கூடும்போது வளி கூடும், குறையும்போது குறையும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் நிரம்பி வழிந்து, மற்றைய வேளைகளில் ஓரிரு வரிசை மட்டும் நிற்கும் பள்ளிவாசல் இம்முறையின் பயனை விளங்கிக்கொள்ள நல்ல உதாரணமாகும்.

மூன்றாவது வழி மாணவர்களுக்கு வியப்பூட்டக்கூடியது. விசிறி அல்லது நீரேற்றியின் வேகத்தைக் குறைத்தால் அது நுகரும் வலு, வேகத்தின் மூன்றாம் அடுக்கிற்கேற்பக் குறைகிறது. வேகத்தை 80 சதவீதமாக்கினால் தேவையான வலு 0.8 × 0.8 × 0.8, அதாவது ஏறத்தாழ 51 சதவீதம். வேகத்தைப் பாதியாக்கினால் வலு எட்டில் ஒன்றாகிறது. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து வலுவில் பாதியை மீட்கலாம். பெரிய கட்டடங்களில் நாள் முழுவதும் சுழலும் மோட்டார்களின் வேகத்தைத் தேவைக்கேற்பத் தாழ்த்துவதே தன்னியக்கத் தொகுதியின் பெரிய சேமிப்புகளுள் ஒன்று.

இரண்டு கட்டடங்கள்

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில் 2014இல் கட்டி முடிக்கப்பட்ட 'த எட்ஜ்' என்ற அலுவலகக் கட்டடத்தில் ஏறத்தாழ 28,000 உணரிகள் உள்ளன. விளக்குகளும் கணினி வலையமைப்பில் இணைக்கப்பட்டவை. எந்தப் பகுதியில் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதை அறிந்து ஒளியும் வளியும் வழங்கப்படுகின்றன. ஆட்கள் குறைந்த நாட்களில் சில பகுதிகளை மூடிவிடவும் முடியும். பிரித்தானியாவின் 'பிறீயாம்' பசுமைக் கட்டட மதிப்பீட்டில் இக்கட்டடம் 98.36 சதவீதப் புள்ளிகளைப் பெற்றது.

புதிய கட்டடத்தில்தான் இது முடியும் என்று எண்ண வேண்டியதில்லை. நியூயோர்க் நகரில் 1931இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் சக்தி நுகர்வை 38 சதவீதத்தால் குறைக்கும் திட்டம் 2009இல் அறிவிக்கப்பட்டது. அதன் 6,514 சாளரங்களும் கழற்றி, வெப்பம் கடத்துவதைக் குறைக்கும் வகையில் புதுப்பிக்கப்பட்டன. கட்டுப்பாட்டுத் தொகுதியும் நவீனமாக்கப்பட்டது. சாளரங்களின் வழியே நுழையும் வெப்பம் குறைந்ததனால், பெரிய குளிரூட்டிகளைப் புதிதாக வாங்காமல் இருந்தவற்றையே திருத்திப் பயன்படுத்த முடிந்தது. தேவையைக் குறைத்தபின் கட்டுப்பாட்டை நுட்பமாக்கு என்ற பாடத்தை இந்த வரிசை நமக்குக் கற்றுத்தருகிறது.

எங்கே பிழைக்கிறது?

என் நானா கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தின் பராமரிப்புப் பிரிவில் பணிபுரிகிறார். இக்கட்டுரைக்காக அவரிடம் பேசியபோது, நூல்களில் காணாத பலவற்றை அறிந்தேன். ஒரு மாடியில் எப்போதும் குளிர் அதிகம் என்று முறைப்பாடு வந்ததாம். சென்று பார்த்தால், சூடான நீர் தரும் இயந்திரத்தை வெப்பநிலை உணரிக்கு நேர்கீழே வைத்திருக்கிறார்கள். அறை கொதிக்கிறது என்று உணரி சொல்ல, தொகுதி குளிரை அள்ளி வழங்கியிருக்கிறது. இன்னோரிடத்தில் ஒருநாள் விழாவுக்காக இரவு நேரத்திற்கும் நீட்டிய அட்டவணையை எவரும் மீண்டும் மாற்றாததால், மாதக்கணக்கில் வெற்று மாடி இரவெல்லாம் குளிர்ந்துகொண்டிருந்தது.

"கட்டடத்துக்கு மூளை இருக்கு என்று எல்லாரும் சொல்றாங்க தங்கச்சி. நாங்க என்ன சொல்லிக் கொடுத்தமோ, அதுதான் அந்த மூளைக்குத் தெரியும்" என்றார் நானா.

எங்கள் விஞ்ஞான கழகக் கண்காட்சிக்காக நானும் என் தோழியர் இருவரும் ஆடுயினோ பலகையும் அசைவு உணரியும் கொண்டு ஒரு மாதிரி வகுப்பறையைச் செய்தபோது நானாவின் கூற்றின் உண்மையைக் கண்ணால் கண்டோம். அசைவு உணரி மனித உடல் வெளிவிடும் செந்நிறக்கீழ்க் கதிர்ப்பை உணர்கிறது. வீனின் இடப்பெயர்ச்சி விதிப்படி 306 கெல்வின் அளவிலுள்ள நம் தோல் அதிகமாகக் கதிர்வீசும் அலைநீளம் ஏறத்தாழ 9.5 மைக்குரோமீற்றர். ஆனால் அவ்வுணரி காண்பது கதிர்ப்பில் ஏற்படும் மாற்றத்தை மட்டுமே. தோழி கையை அசைத்தபோதெல்லாம் விளக்கு எரிந்தது. அவள் அசையாமல் அமர்ந்து புத்தகம் வாசித்தபோது ஐந்து நிமிடத்தில் அணைந்தது. பரீட்சை மண்டபத்திற்கும் நூலகத்திற்கும் இத்தகைய உணரியை மட்டும் நம்புவது பொருந்தாது என்பதை அன்று விளங்கிக்கொண்டோம். அங்கே அணையும் நேரத்தை நீட்ட வேண்டும், அல்லது வேறுவகை உணரியையும் சேர்க்க வேண்டும்.

பாதுகாப்பும் கவனிக்க வேண்டியதே. 2013இல் அமெரிக்காவின் பெரிய விற்பனை நிறுவனமொன்றிலிருந்து ஏறத்தாழ 40 மில்லியன் வங்கி அட்டைகளின் விபரங்கள் திருடப்பட்டன. அந்நிறுவனத்திற்குக் குளிரூட்டல் சேவை வழங்கிய ஒப்பந்தக்காரருக்குரிய கடவுச்சொல்லைப் பயன்படுத்தியே திருடர்கள் வலையமைப்புக்குள் நுழைந்தனர். கட்டடத்தின் சேவைகள் இணையத்துடன் சேரும்போது அவற்றுக்கும் நல்ல பூட்டு வேண்டும். அத்துடன், யார் எங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதைத் திரட்டும் உணரிகள் மனிதரின் அந்தரங்கத்தை மீறாமலிருக்க வரையறையும் வேண்டும்.

நம் நாடும் நாமும்

2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியதை நம்மில் எவரும் மறந்திருக்க மாட்டோம். எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமற் போனதும் மழை குறைந்து நீர்த்தேக்கங்கள் வற்றியதும் அதற்குக் காரணங்களாயின. நிலக்கரியையும் எண்ணெயையும் இறக்குமதி செய்து மின்சாரம் பெறும் நாட்டில், வீணாகும் ஒவ்வோர் அலகும் நாட்டின் பணத்தையும் சேர்த்தே எரிக்கிறது. ஆகவே இத்தொழினுட்பத்தைச் செல்வந்த நாடுகளின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

நம் நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. 2008இல் துல்கிரியவில் அமைக்கப்பட்ட ஆடைத் தொழிற்சாலை ஒன்று, அமெரிக்காவின் 'லீட்' பசுமைக் கட்டட மதிப்பீட்டில் மிக உயர்ந்த பிளாட்டினம் தரத்தைப் பெற்றது. அங்கே இயற்கை ஒளியும் நிழலும் பயன்படுத்தப்பட்டன. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும் என்ற எளிய உண்மையைக் கொண்டு வளி குளிரூட்டப்பட்டது. எம்பயர் ஸ்டேட் கட்டடம் கற்றுத்தந்த அதே பாடத்தை நம் மண்ணிலும் காண்கிறோம். நம் முன்னோரின் வீடுகளில் இருந்த நடுமுற்றமும் தாழ்வாரமும் உயர்ந்த கூரையும் ஓர் உணரியுமின்றியே வெப்பத்தைத் தடுத்தன. மேற்கு வெயில் நேரே அடிக்கும் கண்ணாடிச் சுவரைக் கட்டிவிட்டு அதனைக் குளிரூட்ட விலையுயர்ந்த தொகுதியைப் பொருத்துவது, ஓட்டைக் குடத்திற்குத் தானியங்கி நீர்க்குழாய் பூட்டுவது போன்றதாகும்.

பாடசாலைகளில் நாம் எங்கே தொடங்கலாம்? முதலில் அளக்க வேண்டும். மின்மானியை ஒரு வாரம் காலையும் மாலையும் வாசித்துக் குறித்தால், ஆளில்லாத இரவில் எவ்வளவு செலவாகிறது என்பது தெரியவரும். அடுத்து, சாளரத்தருகே உள்ள விளக்கு வரிசைக்குத் தனி ஆளி இருக்கிறதா என்று பார்க்கலாம். பின்னர் நடைபாதை, கழிவறை, களஞ்சியம் போன்ற மனிதர் வந்துபோகும் இடங்களில் அசைவு உணரி பொருத்தலாம். நீர்த்தாங்கி நிரம்பியதும் நீரேற்றியை நிறுத்தும் கருவியையும் சேர்க்கலாம். பெற்றோரும் தமது வீடுகளில் இதே வரிசையைப் பின்பற்றலாம்.

தோழியரே, இத்துறைக்குக் கைகள் தேவை. பௌதிகவியலும் இணைந்த கணிதமும் கற்பவர், பொறியியல் தொழினுட்பவியல் கற்பவர், தகவல் தொழினுட்பம் கற்பவர், கணக்கீடு கற்று மின்கட்டணத்தைப் பகுத்தாராயக்கூடியவர் என எல்லாருக்கும் இதில் இடமுண்டு. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வசதிகள் முகாமைத்துவம் ஒரு பட்டப் படிப்பாகவே கற்பிக்கப்படுகிறது. கட்டடம் என்றால் வெயிலில் நின்று சுவர் எழுப்பும் வேலை மட்டுமே, அது பெண்களுக்கு உரியதல்ல என்ற எண்ணம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. எழுப்பிய சுவர்களுக்குள்ளே ஐம்பது ஆண்டுகள் மின்சாரம் எவ்வாறு ஓட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதும் கட்டட வேலைதான். பெற்றோர் தம் பெண்பிள்ளைகளிடம் இதனை எடுத்துச் சொன்னால் இத்துறை நிச்சயம் வளம்பெறும்.

ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக வளர்ந்து வந்த இத்தொழினுட்பத்தின் சாரத்தை ஒரே கேள்வியில் அடக்கலாம்: இந்த வெளிச்சமும் இந்தக் குளிரும் இப்போது இங்கே யாருக்காக? இக்கேள்வியை இருபத்தெட்டாயிரம் உணரிகள் இடைவிடாது கேட்கும் கட்டடத்தை நுண்ணறிவுள்ள கட்டடம் என்கிறோம். அறையை விட்டு வெளியேறும்போது ஆளியின் அருகே நின்று அதே கேள்வியைக் கேட்டுக்கொள்ள நமக்கு எந்தக் கருவியும் தேவையில்லை.